அத்தியாயம் 9: மாற்று மோட்டார் முரண்டு பிடித்தால்

பழைய பட்டறையிலிருந்து வாங்கிய நாலரை அடி லேத் பெரும்பாலும் 415 வோல்ட் திரீ ஃபேஸ் மோட்டாரோடுதான் வந்து இறங்கும். வீட்டில் இருப்பதோ 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ். ஆகவே பழைய மோட்டாரை இறக்கிவிட்டு ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை ஏற்றுகிறோம். அதற்குப் பிறகு வரும் புகார்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உறுமுகிறது, சுற்றவில்லை. சுற்றுகிறது, டூலை வைத்தால் நின்றுவிடுகிறது. கை வைக்க முடியாமல் சுடுகிறது. எம்சிபி விழுகிறது. கடைந்த பரப்பில் வரி வரியாக விழுகிறது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மேசைமேல் வைத்து ஓட்டிக் காட்டி, "மோட்டார் நல்லாத்தான் சார் இருக்கு" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. மாற்று மோட்டாரின் கோளாறுகளில் பெரும்பகுதி மோட்டாருக்குள் இருப்பதில்லை. மோட்டார் லேத்தோடு சேரும் இடத்திலும், வீட்டு லைனோடு சேரும் இடத்திலும்தான் இருக்கிறது. அந்த இடங்களைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

கை வைக்குமுன் மெயினை இறக்குங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தால், அதை அணைத்த பிறகும் வைண்டிங்கில் லைன் இருக்கும். கண்டென்சரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 60 வாட் குண்டு பல்பை சில நொடிகள் பிடித்து மின்சாரத்தை வடியவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து "டப்" என்று வெடிக்கவைப்பது பார்க்க வீரமாக இருக்கும். கண்டென்சரின் உள் இணைப்புகளுக்குக் கேடு, கண்ணுக்கும் கேடு. சக் சாவி சக்கில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள்

எந்தப் புகாராக இருந்தாலும் தொடக்கம் இதுதான். பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அது சரியாக ஓடினால் பெல்ட்டைப் போட்டு, சக்கில் எதுவும் பிடிக்காமல், மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். அதுவும் சரியென்றால் மட்டும் வெட்டிப் பாருங்கள். எந்தப் படியில் கோளாறு தலைகாட்டுகிறதோ, அந்தப் படியில் புதிதாகச் சேர்ந்த உறுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதித்து நேராகக் கண்டென்சரை மாற்றுகிறவர்கள்தான் மூன்று கண்டென்சர் வாங்குகிறார்கள்.

பெல்ட் இல்லாமலே உறுமிக்கொண்டு நிற்கிறதா? உடனே அணைத்துவிடுங்கள்; நின்றபடி உறுமும் மோட்டார் முழுச்சுமையைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும். சப்ளை இல்லாத நிலையில் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தாலோ உரசினாலோ பேரிங் போயிருக்கலாம், அல்லது மூடியின் நான்கு போல்ட்டுகளும் சமமாக இறுகாமல் ரோட்டார் சாய்ந்திருக்கலாம். பெயின்ட் அடித்து விற்கப்படும் பழைய மோட்டார்களில் இந்த இரண்டாவது கோளாறு சகஜம்.

ஷாஃப்ட் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் உறுமுகிறது என்றால், அதைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு, கையை முழுதாக எடுத்துக்கொண்ட பிறகு சுவிட்சைப் போடுங்கள். நீங்கள் சுழற்றிய திசையிலேயே வேகம் பிடித்து ஓடுகிறதா? அடுத்த முறை எதிர்த்திசையில் சுழற்றிவிட்டால் அந்தத் திசையிலும் ஓடுகிறதா? அப்படியானால் ரன்னிங் வைண்டிங் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டிங் பக்கம் செத்திருக்கிறது. சிங்கிள் ஃபேஸில் ஒரே வைண்டிங்கால் தானாகக் கிளம்ப முடியாது. எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் ஓடும், தள்ளாவிட்டால் நிற்கும். இரண்டாவது வைண்டிங்கும் கண்டென்சரும் சேர்ந்துதான் அந்தத் தள்ளலைக் கொடுக்கின்றன.

ஸ்டார்ட்டிங் பக்கத்தில் சந்தேகிக்க வேண்டியவை மூன்று: கண்டென்சர், சென்ட்ரிஃபூகல் சுவிட்ச், வைண்டிங். கண்டென்சரை வடியவிட்டு, ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்து, உடம்பில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். ரன்னிங் கண்டென்சர் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் தூக்கிப்போடுங்கள். புதியது வாங்கும்போது மைக்ரோஃபாரட் மட்டுமல்ல, வகையும் பொருந்த வேண்டும். ஸ்டார்ட்டிங் கண்டென்சர் சில நொடிகளுக்கு மட்டும் லைனில் இருக்கும்படி செய்யப்பட்டது. அதை ரன்னிங் இடத்தில் மாட்டினால் வெடிக்கும்.

சென்ட்ரிஃபூகல் சுவிட்சைச் சோதிக்கக் காது போதும். மோட்டார் ஏறத்தாழ முக்கால் வேகத்தைத் தொடும்போது ஒரு "கிளிக்" கேட்கும். அணைத்தபின் வேகம் இறங்கும்போது இன்னொரு "கிளிக்". இறங்கும்போது சத்தமே வரவில்லை என்றால் சுவிட்ச் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது திறந்தபடியே நின்றுவிட்டது. திறந்தபடி நின்றால் மோட்டார் கிளம்பாது. ஒட்டிக்கொண்டிருந்தால் நிலைமை மோசம்: ஸ்டார்ட்டிங் வைண்டிங் லைனிலேயே இருந்து, முரட்டு உறுமலோடு சூடேறி, கொஞ்ச நேரத்தில் கண்டென்சரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். லேத்தில் இந்தச் சுவிட்சுக்கு முதல் எதிரி இரும்புத்தூள். ஆகவே காற்றோட்டத் துளைகள் உள்ள திறந்த மோட்டாரை லேத்துக்கு வாங்கவே வாங்காதீர்கள். முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த மோட்டார்தான் வேண்டும்.

திசை

சக் ஓடும்போது வேலைப்பொருளின் மேல்பக்கம் உங்களை நோக்கி வந்து டூலின்மேல் இறங்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பலர் செய்வது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போடுவது. ஒன்றும் நடக்காது. திரீ ஃபேஸில் எந்த இரண்டு ஒயரை மாற்றினாலும் திசை மாறும் என்ற பழக்கத்தில் வரும் தவறு இது. சிங்கிள் ஃபேஸில் ரன்னிங் வைண்டிங்கை அப்படியே விட்டு, ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரண்டு முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு வைண்டிங்குகளின் நான்கு முனைகளும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். தண்ணீர் பம்புக்கென்று செய்த மோட்டாரில் மூன்று முனைகள் மட்டுமே வெளியே வந்திருக்கலாம். பம்புக்கு ஒரே திசைதான், அவர்கள் மேல் தப்பில்லை. வாங்கும்போதே பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

லேத்தோடு வந்த டிரம் சுவிட்ச் திரீ ஃபேஸுக்கானது. அதை இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் உள் இணைப்பை மாற்றிப் போட வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு விசித்திரம் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியை வெடுக்கென்று ரிவர்ஸுக்குத் தள்ளினால், கண்டென்சர் ஸ்டார்ட் மோட்டார் சட்டை செய்யாமல் அதே திசையில் ஓடும். ஸ்டார்ட்டிங் வைண்டிங் அப்போது லைனிலேயே இல்லை என்பதுதான் காரணம். இதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். முழுதாக நின்ற பிறகு மாற்றினால் திசை மாறும். மரை ஏற்றி மாட்டும் சக் உள்ள லேத்தில் திடீர் ரிவர்ஸ் சக்கைக் கழற்றி எறியக்கூடியது, ஆகவே இந்தக் குணம் ஒரு விதத்தில் நல்லதே.

தனியே ஓடுகிறது, லேத்தோடு சேர்ந்தால் படுத்துவிடுகிறது

மோட்டாரை விடுங்கள், ஒயரைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் முழுச்சுமையில் 6, 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 36 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மீட்டரிலிருந்து கொல்லைக் கொட்டகை 30 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போய்த் திரும்பினால் 60 மீட்டர். அதன் மின்தடை 0.73 ஓம். 36 ஆம்பியரில் 26 வோல்ட் ஒயரிலேயே காணாமல் போகும். மாலையில் லைனே 200 வோல்ட் என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 174. இழுவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், 230-ல் கிடைத்திருக்க வேண்டிய இழுவையில் 57 சதவீதம்தான் மிஞ்சும். வெறும் மோட்டாரைச் சுழற்ற அது தாராளம். ஹெட்ஸ்டாக் பல்சக்கரங்களையும் எட்டு அங்குல சக்கையும் கிளப்பப் போதாது. அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 10 வோல்ட்டில் நிற்கும். மல்டிமீட்டரை மோட்டார் டெர்மினலில் வைத்துக்கொண்டு, கிளம்பும் நொடியில் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது 230 காட்டுவதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ஒயர் சரியாக இருந்தால் லேத் பக்கம் வாருங்கள். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். பழைய மோட்டார் பட்டறையில் மூன்று ஃபேஸின் பலத்தில் இந்த இறுக்கத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஓடியிருக்கும். இப்போதுதான் அது வெளியே தெரிகிறது. ஹெட்ஸ்டாக்கில் கெட்டியாகிப்போன பழைய எண்ணெய், தேவையில்லாமல் இணைந்திருக்கும் லீட் ஸ்குரூ, கம்பிபோல் இறுக்கிய பெல்ட் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

அடுத்தது புல்லிக் கணக்கு. 50 ஹெர்ட்ஸில் நான்கு போல் மோட்டார் சுமாராக 1440 சுற்று ஓடும். இரண்டு போல் மோட்டார் 2880. விலை குறைவென்று இரண்டு போல் மோட்டாரை வாங்கி மாட்டுகிறார்கள். பழைய அமைப்பில் 75 மி.மீ. மோட்டார் புல்லியும் 225 மி.மீ. ஸ்பிண்டில் புல்லியும் இருந்து 480 சுற்று கிடைத்தது என்றால், இப்போது 960. எல்லா வேகமும் இரட்டிப்பாகிறது, அதே குதிரைத்திறனுக்கு இழுவை பாதியாகிறது. மோட்டார் புல்லியைப் பாதியாக்கிச் சரிக்கட்டலாமே என்றால், ஏ செக்‌ஷன் பெல்ட் 75 மி.மீட்டருக்குக் கீழே ஒழுங்காக வளையாது, வழுக்கும், வெடிக்கும். இரண்டு போல் மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த லேத்தில் 1725 என்று எழுதிய மோட்டார் இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் மோட்டார். இங்கே மெதுவாகவும் சூடாகவும் ஓடும். அதை வைத்துப் போராடாதீர்கள்.

பெயர்ப்பலகையில் இருக்கும் குதிரைத்திறனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர் கோவை. இன்றும் பழைய மோட்டாருக்கு அங்கே போகிறவர்கள் உண்டு. நல்ல சரக்கு கிடைக்கும். ஆனால் பலகை ஒன்றும் உள்ளே இருப்பது ஒன்றுமாகவும் அமையலாம். எடையும் ஷாஃப்ட்டும் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. நான்கு போலில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் பொதுவாக 80 அல்லது 90 ஃபிரேமில் இருக்கும். அடித்தளத்திலிருந்து ஷாஃப்ட் மையத்துக்கு 80 அல்லது 90 மி.மீ. உயரம், ஷாஃப்ட் விட்டம் 19 அல்லது 24 மி.மீ. 14 மி.மீ. ஷாஃப்ட்டோடு ஒரு குதிரைத்திறன் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். மிக்ஸி, வாஷிங் மெஷின் வகையறா மோட்டார்களும் லேத்துக்கு வேண்டாம்.

புல்லியும் பெல்ட்டும்

புது மோட்டாரின் ஷாஃப்ட் மில்லிமீட்டரிலும் பழைய புல்லியின் துளை அங்குலத்திலும் இருக்கும். முக்கால் அங்குலத் துளை 19.05 மி.மீ.; 19 மி.மீ. ஷாஃப்ட்டில் உட்கார்ந்துவிடும். எட்டில் ஏழு அங்குலத் துளை 22.2 மி.மீ.; அதற்குள் தகடு சுற்றிச் செருகினால் புல்லி கோணலாகத்தான் ஓடும். புஷ் கடைந்து போடுங்கள், அல்லது புதுப் புல்லி வாங்குங்கள். கீ தளர்வாக இருந்தால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "டக்" என்று ஒரு அடி விழும். நாளடைவில் சாவித்தடமே அகன்றுவிடும்.

பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். அது பக்கச்சுவர்களில்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. பழைய லேத்தின் புல்லி 17 மி.மீ. பி செக்‌ஷனாகவும் புது மோட்டார் புல்லி 13 மி.மீ. ஏ செக்‌ஷனாகவும் இருந்தால், ஏ பெல்ட் பெரிய புல்லியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். புல்லிப் பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினால் அதுதான் அத்தாட்சி. இதைப் பெல்ட்டை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. சரியான பெல்ட்டுக்கு, இரு புல்லிக்கும் இடையே 40 செ.மீ. நீளம் என்றால் நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது 6 மி.மீ. போல உள்வாங்கினால் போதும்.

வரிகளை எண்ணுங்கள்

அதிர்வுக்குக் காரணம் தேடும்போது முதல் சோதனை மிக எளிது. முழு வேகத்தில் ஓடும்போது சுவிட்சை அணையுங்கள். அணைத்த அந்த நொடியிலேயே அதிர்வு மறைந்தால் அது மின்சாரத்தால் வருவது. வேகம் இறங்க இறங்க மெல்ல அடங்கினால் புல்லி, பேரிங், பெல்ட் என்று இயந்திரப் பக்கம் தேடுங்கள்.

இரண்டாவது சோதனைக்குக் கடைந்த பரப்பே சாட்சி. ஸ்பிண்டில் 480 சுற்று, அதாவது நொடிக்கு 8. வேலைப்பொருளைச் சுற்றி ஒரு வட்டத்தில் எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று வரி என்றால் நொடிக்கு 24 அடி. 1440 சுற்று ஓடும் மோட்டாரின் வேகம் அதுதான். எனவே மோட்டார் புல்லி கோணல் அல்லது எடை ஒருபக்கமாக இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வரி என்றால் நொடிக்கு 100. அது சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் கூடப்பிறந்த குணம். 50 ஹெர்ட்ஸ் லைனில் அதன் இழுவை நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அதை முழுதாக ஒழிக்க முடியாது, தணிக்கலாம்: மோட்டார் பாதத்துக்கு அடியில் கெட்டி ரப்பர், பெல்ட்டில் அளவான தளர்வு, மோட்டாரை லேத்தின் மெல்லிய தகட்டில் தொங்கவிடாமல் தனித் தாங்கி. அடி, ஸ்பிண்டில் சுற்றைவிடக் குறைந்த வேகத்தில் வந்தால் பெல்ட்டில் முடிச்சோ வீக்கமோ இருக்கிறது. வெகுநாள் நிறுத்திவைத்த லேத்தில் பெல்ட் புல்லியின் வடிவத்துக்கே உறைந்திருக்கும்.

சூடும் எம்சிபியும்

கையை வைத்துப் பார்த்துவிட்டு மோட்டார் எரிகிறது என்று முடிவு கட்டாதீர்கள். 60 டிகிரியில் கையை எடுத்துவிடுவோம். எஃப் வகை இன்சுலேஷன் 155 டிகிரி வரை தாங்கும். உடம்பு 70 டிகிரி இருப்பது பெரிய விஷயமல்ல. கிளாம்ப் மீட்டரை ஃபேஸ் ஒயரில் மட்டும் மாட்டி, நன்றாக வெட்டும்போது ஆம்பியரைப் பாருங்கள். பலகையில் உள்ள எண்ணைத் தாண்டாவிட்டால் சரி. வெறுமனே ஓடும்போது வரும் கரண்ட் முழுச்சுமைக்கு அருகில் இருந்தாலும் பயப்பட வேண்டாம். சிங்கிள் ஃபேஸில் அது வழக்கம்தான்.

லேத்தில் சூட்டுக்கு வேறொரு காரணம் உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கிளட்ச் இல்லாத லேத்தில் ஒவ்வொரு முறை அளவெடுக்கவும் மோட்டாரை நிறுத்திக் கிளப்புகிறோம். சாதாரண ஸ்டார்ட்டிங் கண்டென்சர் மணிக்கு 20 முறை, முறைக்கு 3 நொடி என்ற கணக்குக்குச் செய்யப்பட்டது. சின்னச் சின்னப் பாகங்களாகக் கடைந்தால் அந்தக் கணக்கைச் சுலபமாகத் தாண்டிவிடுவீர்கள். கண்டென்சர் அடிக்கடி போகிறது என்றால் இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது மட்டும் எம்சிபி விழுந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். பி வகை மூன்றிலிருந்து ஐந்து மடங்கு கரண்டில் விழும். சி வகை ஐந்திலிருந்து பத்து மடங்கில். மோட்டாருக்கு சி வேண்டும். ஆர்சிசிபி விழுந்தால் கதை வேறு. கரண்ட் மோட்டாரின் உடம்புக்குக் கசிகிறது. அதைத் தாண்டி ஓட்ட வழி தேடாதீர்கள்.

பழைய மோட்டாரையே ஓட்டலாமா?

ஓட்டலாம், சிங்கிள் ஃபேஸைத் திரீ ஃபேஸாக்கித் தரும் விஎஃப்டி டிரைவ் இருந்தால். என் கருத்தில் வீட்டு லேத்துக்கு இதுவே மேல்: பரப்பு மழமழப்பாக வரும், ரிவர்ஸ் சுலபம், மெல்லக் கிளம்பும். கிணற்று மோட்டாரை இரண்டு ஃபேஸில் ஓட்டக் கண்டென்சர் மாட்டும் கிராமத்து வழக்கத்தை லேத்துக்குக் கொண்டுவராதீர்கள். பம்பின் சுமை மாறாது, அதற்கேற்பக் கண்டென்சர் பொருந்தும். லேத்தின் சுமை நொடிக்கு நொடி மாறும்.

டிரைவ் வாங்கி மாட்டியும் மோட்டார் சவலைப்பிள்ளைபோல் இழுத்தால், டெர்மினல் பெட்டியைத் திறங்கள். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருப்பார்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் எடுக்கும் டிரைவ் 230-தான் வெளியே தரும். அதே ஸ்டாரில் விட்டால் இழுவை மூன்றில் ஒரு பங்கு. ஆறு முனைகளும் வெளியே இருந்தால் பட்டைகளை மாற்றி டெல்டா ஆக்குங்கள். மூன்று முனைகள்தான் என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே புதைந்திருக்கிறது. அதை வைண்டரிடம் கொடுத்துத்தான் பிரிக்க வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே டிரம் சுவிட்சை வைக்காதீர்கள், ஓடும்போது திருப்பினால் டிரைவ் போய்விடும். 25 ஹெர்ட்ஸில் பாதிக் குதிரைத்திறன்தான் கிடைக்கும், விசிறியும் பாதி வேகம்தான். ஆகவே கனமான வெட்டுக்குப் புல்லியையும் பேக் கியரையும் மாற்றிக்கொள்ளுங்கள். அணைத்தபின் டிரைவுக்குள் பத்து நிமிடமாவது கை வைக்காதீர்கள்.

கரண்ட் போய் வந்தால்

இதைச் சோதிக்காமல் லேத்தைப் பயன்படுத்தவே கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை இறக்கி, சக் நின்றபின் மறுபடி ஏற்றுங்கள். லேத் தானாகக் கிளம்பினால் உங்களிடம் இருப்பது சுவிட்ச், ஸ்டார்டர் அல்ல. நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்டரைப் போட்டு, அதன் ஓவர்லோடு ரிலேயைப் பலகை ஆம்பியருக்கு வையுங்கள். பழைய 415 வோல்ட் ஸ்டார்டரின் காயில் 230-ல் இழுக்காது, ரிலேயின் அளவும் பொருந்தாது. இரண்டையும் மாற்ற வேண்டும்.

கடைசியில் மோட்டாரே குற்றவாளி என்றால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகும் கோளாறு நிற்கிறதா? 500 வோல்ட் மெக்கரால் வைண்டிங்குக்கும் உடம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள். மழைக்காலத்தில் சும்மா கிடந்த மோட்டாராக இருந்தால் வெயிலில் உலர்த்திவிட்டு மறுபடி அளக்கலாம். மல்டிமீட்டரில் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் ஓம் பொதுவாக ரன்னிங்கைவிடக் கூடுதலாக இருக்கும். எண்ணே வராவிட்டால் அறுந்திருக்கிறது.

காயில் கட்டக் கொடுப்பதானால் கண்டென்சரையும் பெயர்ப்பலகையையும் கூடவே கொடுங்கள். பழைய கம்பியின் கேஜையும் சுற்று எண்ணிக்கையையும் பிரிக்கும்போதே எண்ணி எழுதித் தரச் சொல்லுங்கள். அவற்றைக் குறைத்துக் கட்டிய மோட்டார் மேசைமேல் ஓடும், வெட்டும்போது எரியும். பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரண்டு முனைகளையும் தனித்தனியே டெர்மினல் பெட்டிக்குக் கொண்டுவரச் சொல்ல மறக்காதீர்கள். வார்னிஷ் போட்டு அடுப்பில் காய்ந்தபின் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் ஈர வார்னிஷோடு கொடுத்துவிடுவார்கள்.